காலண்டரிலிருந்து இறங்கிய அண்ணன்

என் அண்ணன் வைரவனைப் பட்டாளத்திலிருந்து துரத்திவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் தி.நகரில் இன்னும் இருக்கிறார்கள். இருக்கட்டும். நேரில் பார்த்தவள் நான். அவனை யாரும் துரத்தவில்லை. அவன்தான் வேண்டாம் என்றான். நல்ல வேலை ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒருவன் படிக்கப் போனால் அதை நம்புவதற்கு நம் ஊரில் ஆள் கிடையாது. திருடிவிட்டு வந்தான், பயந்து ஓடிவந்தான் என்று சொல்லிப் பாருங்கள், கையோடு நம்பிவிடுவார்கள்.

எங்கள் அப்பா வெள்ளைத்துரை திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை போட்டவர். கீழே கடை, மாடியில் வீடு. தெருவே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். கடை வாசலில் ‘ஒரே விலை’ என்று ஒரு பலகை தொங்கும். பேரம் கிடையாது. துணியில் ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் விலை. ஒருமுறை கடை ஆள் ஒருவர் ஞாபகமறதியாக ஒரு பட்டுப்புடவையில் நூல்புடவையின் சீட்டை ஒட்டிவிட்டார். புடவையை எடுத்த அம்மாள் நல்லவள். “இது தப்பு மாதிரி இருக்கே” என்று அவளே சொன்னாள். அப்பா கேட்கவில்லை. “சீட்டு ஒட்டியாச்சு தாயி, அதான் விலை” என்று நூல்புடவை விலைக்கே பட்டைக் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையைச் சொல்லியே எத்தனையோ பட்டுப்புடவை விற்றிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

எழுபத்தொன்றில் அண்ணன் பியூசி முடித்தான். முடித்த கையோடு யாரிடமும் சொல்லாமல் பட்டாளத்து அகாடமிக்குப் பரீட்சை எழுதித் தேறிவிட்டான். புனே பக்கத்தில் மூன்று வருஷம், அங்கேயே படிப்பும் உண்டு, பயிற்சியும் உண்டு. அப்புறம் டேராடூனில் ஒரு வருஷம். அதையும் முடித்தால் அதிகாரி. மூத்த பிள்ளை கல்லாவில் உட்காராமல் துப்பாக்கி தூக்கப் போகிறானே என்று அப்பா குதிகுதி என்று குதித்தார். அந்த வருஷம் டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது, நாம் ஜெயித்தோம். அதற்குப் பிறகு அப்பா குதிக்கவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், “நம்ம பையன் பட்டாளத்துலதான் இருக்கான்” என்று ஆரம்பித்துவிடுவார். அண்ணன் அப்போது புனேயில் பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

எழுபத்துநாலு தீபாவளிக்குப் பிறகு வழக்கம்போலச் சிவகாசியிலிருந்து காலண்டர் ஏஜெண்ட் ஆல்பத்தோடு வந்தார். எல்லா வருஷமும் முருகன், லட்சுமி, இல்லாவிட்டால் எங்கள் குலதெய்வம். அந்த வருஷம் அப்பா ஆல்பத்தைத் திறக்கவே இல்லை. டேராடூனிலிருந்து அண்ணன் அனுப்பியிருந்த போட்டோ ஒன்றை மேசைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். பயிற்சி மாணவனின் சாதா உடுப்புப் போட்டோ. சிவகாசிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கன்னத்தில் ரோஸ் பூசினார்கள். பின்னால் இமயமலை வந்தது, மலைக்குக் கீழே ஒரு டாங்கி வந்தது. தோளில் நட்சத்திரம் வந்தது. மார்பில் மூன்று மெடல் வந்தது. அதுவரைக்கும் அண்ணன் அடித்த ஒரே எதிரி கொசுதான். அடியில் பெரிய எழுத்தில் ‘லெப்டினன்ட் வைரவன்’. பயிற்சி முடிந்ததும் கிடைக்கிற பதவி செகண்ட் லெப்டினன்ட் என்று அண்ணன் எழுதியிருந்தான். ஜவுளிக்கடைக்காரருக்குச் செகண்ட் என்ற வார்த்தையே ஆகாது, எடுத்துவிட்டார். பயிற்சி முடியவே இன்னும் ஆறு மாதம் இருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஜனவரி பிறந்தபோது மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் எங்கள் கடையில் துணி எடுத்தவர்கள் வீட்டுச் சுவரிலெல்லாம் என் அண்ணன் ஏறி நின்றான்.

பிப்ரவரியில் டேராடூன் பயிற்சி ஒன்றில் வெடி ஒன்று அவனுக்குப் பக்கத்திலேயே வெடித்துவிட்டது. இடது காது போயிற்று. டாக்டர்கள் கூடிப் பார்த்தார்கள். இப்போதைக்குத் தகுதியில்லை, வைத்தியம் செய்துகொண்டு மறுபடி பரிசோதனைக்கு விண்ணப்பித்தால் ஆபீஸ் வேலை உள்ள பிரிவு ஏதாவதில் போடலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். விண்ணப்பம் போடச் சொல்லி அவனுடைய அதிகாரியே வற்புறுத்தினாராம். அண்ணன் போடவில்லை. மே மாதம் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியோடு மாம்பலம் ஸ்டேஷனில் வந்து இறங்கினான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில்தான் அப்பா கேட்டார்.

“மறுபடி டெஸ்டுக்கு எழுதிப் போடுலே.”

“போடமாட்டேன்.”

“காது சரியாயிட்டா?”

“சரியானாலும் போகமாட்டேன். எனக்கு அங்க பிடிச்சது கணக்கு ஒண்ணுதான்பா. எம்.எஸ்சி. படிக்கப் போறேன்.”

புனேயில் ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் ஊர் சுற்றப் போனால் இவன் லைப்ரரியில் கிடப்பானாம். பட்டம் கையில் இருந்தது. அங்கே அப்போதுதான் பட்டம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். டேராடூனில் சேற்றில் தவழும்போதுகூட மனசுக்குள் ஏதோ ஒரு தேற்றத்தை நிரூபித்துக்கொண்டே தவழ்ந்தேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்ல முடியுமா?

“கணக்குதானே வேணும்? கீழ கல்லாவுல உக்காரு. காலையில இருந்து கடை சாத்துத வரைக்கும் கணக்குதான்” என்றார் அப்பா.

அண்ணன் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது. அப்பா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“ஊரு பூரா லெப்டினன்ட்னு அடிச்சுக் குடுத்திருக்கேன். நான் அச்சடிச்சுக் குடுத்ததை மாத்திச் சொல்லுதவன் இல்ல. ஒண்ணு, பட்டாளத்துக்குத் திரும்பிப் போ. இல்ல, லீவுல வந்திருக்கேன்னு சொல்லிட்டு கடையில இரு. அடுத்த வருசம் ஊரு மறந்துரும். சீட்டு ஒட்டியாச்சுலே.”

“நான் சரக்கு இல்லப்பா” என்றான் அண்ணன்.

அம்மா சாதக் கரண்டியோடு அப்படியே நின்றாள். எங்கள் வீட்டில் அப்பாவிடம் அந்த மாதிரி யாரும் பேசியது கிடையாது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. நான் பள்ளிக்கூடம் முடித்ததோடு மாடியில் உட்கார வைக்கப்பட்டவள். எனக்கு அப்படித்தான் இருக்கும்.

ஜூன் கடைசியில் மயிலாப்பூரில் ஒரு கல்லூரிக்கு அண்ணன் விண்ணப்பம் போட்டான். கூப்பிட்டார்கள். நானும் போனேன். கூட்டம், ஃபேன் சத்தம், தெருவில் பஸ் சத்தம் எல்லாம் சேர்ந்துகொண்டால் இடது பக்கமிருந்து பேசுவது அவனுக்குச் சுத்தமாகக் கேட்காது. அதனால் வெளியே போகும்போதெல்லாம் நான் அவனுடைய இடது பக்கம் நடப்பேன். யார் என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்வேன். அம்மா கேட்டபோது, “கோயிலுக்கு” என்றோம். கபாலி கோயில் குளத்தைத் தாண்டித்தான் போனோம், பொய் இல்லை.

கல்லூரி ஆபீசில் தலைமை குமாஸ்தா ரகுபதி என்பவர். நெற்றியில் பளிச்சென்று திருநீறு, மூக்கு நுனியில் கண்ணாடி. பேப்பர்களைப் புரட்டினார்.

“பி.எஸ்சி. எங்கே படிச்சேள்?”

“இராணுவ அகாடமியில சார்.”

“அது காலேஜா?”

“டிகிரி குடுத்திருக்காங்க சார். டெல்லியில இருக்கிற யூனிவர்சிட்டி.”

“படிச்சது புனே. டிகிரி டெல்லி. அப்புறம் டேராடூன். இப்போ மயிலாப்பூர். நன்னாத்தான் ஊர் சுத்தியிருக்கேள்” என்று நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

இமயமலை, டாங்கி, மூன்று மெடல், என் அண்ணன்.

“இது நீங்கதானே?”

“நான்தான். ஆனா நான் லெப்டினன்ட் இல்லை சார்.”

“இல்லையா? எங்காத்துலயும் இதே காலண்டர்தான் மாட்டியிருக்கு. என் பொண்ணு தெனம் கார்த்தால உங்களுக்கு சல்யூட் அடிச்சுட்டுதான் ஸ்கூலுக்குப் போறா.”

அண்ணன் தான் கொண்டுவந்திருந்த விடுவிப்புப் பத்திரத்தை நீட்டினான். பயிற்சி மாணவன், பதவி ஏற்கவில்லை, உடல்நிலை காரணமாக விடுவிக்கப்படுகிறான் என்று அதில் தெளிவாக இருந்தது. ரகுபதி அதைப் படித்தார். காலண்டரைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“சர்வீஸ்ல இருக்கறவாளைச் சேர்த்துக்கணும்னா மிலிட்டரி பர்மிஷன் வேணும். இல்லேன்னா ஓடி வந்தவாளை ஒளிச்சு வெச்சேன்னு நாளைக்கு என்னைக் கேப்பா. இந்தப் பேப்பர்ல வேற மாதிரி இருக்கு. அதுல லெப்டினன்ட்னு போட்டிருக்கு, மெடல் வேற தொங்கறது. ரெண்டுல ஒண்ணு பொய். அப்ளிகேஷன்ல தோப்பனார்னு நீங்க போட்டிருக்கற அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை மாத்திப் பேசமாட்டார்னு ஊருக்கே தெரியும். அவர் வந்து சொல்லட்டும், சேர்த்துக்கறேன்.”

அன்று மாலை கடையில் கூட்டம் குறைந்ததும் அண்ணன் அப்பாவிடம் போய் நின்றான். ஒருமுறைதான் கேட்டான். காலேஜுக்கு வந்து நான் லெப்டினன்ட் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றான். அப்பா வெளியே தொங்கிய பலகையைக் கையால் காட்டினார்.

“இருவது வருசமா அந்தப் போர்டு தொங்குது. நானே போயி, நான் அடிச்சது பொய்யின்னு சொன்னா நாளைக்கு எவன் நம்பித் துணி எடுப்பான்? அதுக்கு நீ டெஸ்டுக்கு எழுதிப் போடலாம்லா.”

அண்ணன் நேராக மாடிக்கு வந்தான். என்னிடம் ஒரு சிவப்பு மைப் பேனா கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். சமையலறைச் சுவரில் இருந்த காலண்டரில் ‘லெப்டினன்ட்’ என்ற எழுத்தை நேர்கோடு போட்டு அடித்தான். தோள் நட்சத்திரங்களை அடித்தான். மெடல்களை ஒவ்வொன்றாக அடித்தான். பக்கத்தில் ‘நான் அதிகாரி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். அம்மா, “சாமி படம் இல்லியே, நல்லவேளை” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அதே பேனாவோடு, காலண்டர் மாட்டியிருந்த இடங்களைத் தேடித் தெருவில் இறங்கிவிட்டான்.

முதலில் ஹனீஃபா. எங்கள் கடை வாசலிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். “போட்டுக்க தம்பி. எனக்கும் ரொம்ப நாளா ஒரு சந்தேகம், பயிற்சியிலயே மூணு மெடல் குடுப்பாங்களான்னு. அண்ணாச்சிகிட்ட எப்படிக் கேக்குறது, பேசாம இருந்துட்டேன்” என்றார். அடுத்தது சலூன்கார நாகராஜ். அவர் லேசில் விடவில்லை.

“இன்னா நைனா, என் காலண்டர்ல கை வெக்கிற? வர்றவன்கிட்டல்லாம் லெப்டினன்ட்டு நம்மகிட்டதான் முடி வெட்டிக்கினு போறாருன்னு சொல்லிக்கினு கீறேன். என் பொழப்புல மண்ணைப் போடாத.”

“இனிமேலும் உங்ககிட்டதான் வெட்டிக்குவேன். லெப்டினன்ட் மட்டும் இல்லை.”

“தொரத்திட்டானுங்களா?”

“இல்லை. நானா வந்துட்டேன்.”

நாகராஜ் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினார். “மிலிட்டரி சாப்பாடு, மிலிட்டரி சரக்கு, ரயில்ல ஓசி டிக்கெட்டு. இத்தையெல்லாம் உட்டுட்டு எவனாவது வருவானா? சும்மா சொல்லாத. இன்னா பண்ண அங்க?”

அண்ணன் ஸ்டூலில் ஏறி வேலையை முடித்துவிட்டு இறங்கினான். டீக்கடை, ரேஷன் கடை, பாண்டி பஜாரில் வளையல் கடை, உஸ்மான் ரோட்டில் இரண்டு டாக்டர் வீடு என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு வீட்டில் காலண்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் உட்காரவைத்துக் காபி கொடுத்து, “என்ன தப்புத் தண்டா பண்ணினே, சொல்லு, நாங்க வெளியில சொல்லமாட்டோம்” என்றார்கள். சிலர் அழிக்க விடவே இல்லை. அழகாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். எல்லா இடத்திலும் நான் இடது பக்கம் நின்றேன். முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள் சொன்ன எல்லாம் என் காதில் விழுந்தது. அவற்றையெல்லாம் நான் அண்ணனிடம் திருப்பிச் சொல்லவில்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது. கெட்ட பெயர் வாங்கித் தரும் பொய்யை மறுக்கிற ஆட்கள் நிறைய உண்டு. நல்ல பெயர் வாங்கித் தருகிற பொய்யை வீடு வீடாகப் போய் மறுத்தவனை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எங்கள் கடைக்கு நேர் எதிரே பாத்திரக்கடைக்குள் அண்ணன் ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தபோது அப்பா பார்த்துவிட்டார். விறுவிறு என்று தெருவைக் கடந்து வந்தார். ஆனி மாதத்துக் கல்யாணக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

“இறங்குலே.”

“இன்னும் ஒரு மெடல் இருக்குப்பா. முடிச்சுட்டு இறங்குறேன்.”

“என் மானத்தை வாங்காதே, இறங்கு.”

“உங்க மானத்துக்காக நான் ஆயுசு பூரா பொய்யா நிக்க முடியாது” என்றான் அண்ணன். குரலை உயர்த்தவில்லை. கோடு கோணாமல் மூன்றாவது மெடலை அடித்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினான். அப்பா அவன் இறங்கும்வரை நிற்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. அப்பா சாப்பிட்டுப் போன பிறகு அண்ணனுக்கு அம்மா இலை போடுவாள். எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. ராத்திரி கடை சாத்திவிட்டு அவர் மாடிப்படி ஏறுகிற சத்தத்தில் இருந்த களைப்பைக் கேட்டால் அந்தக் கோபம் பாதியில் நின்றுவிடும். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சேர்க்கை முடிகிற நாள் வந்தது. இருவரும் மறுபடி மயிலாப்பூர் போனோம். இந்தத் தடவை கணிதத்துறைத் தலைவர் கருணாகரன் நேர்முகத்துக்கு உட்கார்ந்திருந்தார். கரும்பலகையைக் காட்டி ஒரு கணக்கைச் செய்யச் சொன்னார். அண்ணன் செய்தான். அவர் இன்னொன்று கொடுத்தார். அதையும் செய்துவிட்டு, முதல் கணக்கையே வேறொரு வழியிலும் செய்யலாம் என்று கேட்காமலே செய்து காட்டினான். கருணாகரனுக்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

“ஒரு காது கேட்காதுன்னு போட்டிருக்கே. வகுப்பில் எப்படி உட்காருவீங்க?”

“வலது காது நல்லாக் கேக்கும் சார். நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்களோ அதுக்கு ஏத்த மாதிரி பெஞ்சை மாத்திக்குவேன்.”

“பட்டாளத்தை ஏன் விட்டீங்க?”

“இதைப் படிக்கத்தான் சார்.”

“எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆபீஸில் முடிச்சுக்கிட்டு வாங்க” என்றார்.

ஆபீசில் முடியவில்லை. ரகுபதி பேனாவை மூடி வைத்துவிட்டார். “நான் அன்னிக்கே சொன்னேனே. கடைக்காரர் எங்கே?”

“அவர் வரமாட்டார். நான் சொல்றது நிஜம் சார். பத்திரம் இருக்கு, பாருங்க.”

“பொய் சொல்றவா எல்லாருமே ஒரு பத்திரம் கொண்டுண்டுதான் வரா. உங்க தோப்பனாரே உங்களுக்காக வந்து சொல்லத் தயாரா இல்லேன்னா நான் எதை நம்பறது? நீங்க பொய் சொல்றேள்னுதான் எடுத்துக்கணும்.”

வரிசையில் நின்றிருந்த மாணவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனின் முகம் சிவந்தது. ஆனால் நகரவில்லை.

“சரி சார். நான் பொய்யன், அதனால இடம் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாங்கிக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்” என்று சொல்லிவிட்டு அங்கிருந்த பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டான். அகாடமியில் கற்றுக்கொண்டதில் எனக்குத் தெரிந்து அவனுக்கு உபயோகப்பட்டது அந்த உட்காரல்தான். ரகுபதியால் எழுதவும் முடியவில்லை, அவனை எழுப்பவும் முடியவில்லை.

நான் வெளியே வந்து கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். தனியாக பஸ்ஸில் போனது அதுதான் முதல் தடவை. பயமாக இருந்ததா என்று கேட்காதீர்கள், யோசிக்கவே இல்லை.

கடையில் கல்யாணக் கூட்டம். வடபழனியிலிருந்து ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்திருந்தது. முகூர்த்தப் புடவைகளை அப்பா ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து கடைக்குள் நான் இறங்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நான் தெருப் பக்கமாக, வாசல் வழியாகவே உள்ளே போனேன்.

“அப்பா, அண்ணனை ஒருத்தர் பொய்யன்னு சொல்லுதாரு.”

அப்பா நிமிரவில்லை. “எவன்?”

“காலேஜ் ஆபீஸ்ல. எல்லாரு முன்னாடியும்.”

“என்னத்துக்கு?”

“நீங்க அடிச்ச காலண்டர் நிஜமாம். அண்ணன் சொல்லுதது பொய்யாம்.”

கல்யாண வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். அப்பாவின் கை புடவை மேலேயே இருந்தது. வியாபாரத்தின் நடுவில் அப்பா எழுந்து நான் பார்த்ததில்லை. அன்று எழுந்தார். ஹனீஃபாவைக் கூப்பிட்டுக் கல்லாவைப் பார்க்கச் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் தெருவில் இறங்கினார். பஸ்ஸில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். “பொய்யன்னே சொன்னானா?” என்றார். ஆமாம் என்றேன். மயிலாப்பூர் வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தார்.

அண்ணன் அதே பெஞ்சில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. நேராக ரகுபதியின் மேசைக்குப் போனார். ரகுபதி எழுந்துவிட்டார்.

“வாங்கோ, வாங்கோ. எங்காத்துல எல்லாத் துணியும் உங்க கடையிலதான் எடுக்கறது. சும்மா ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்...”

“எம் பையன் பொய் சொல்ல மாட்டான்” என்றார் அப்பா. கடையில் பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி விலை சொல்லுவாரே, அதே குரல். “அந்தக் காலண்டர்ல இருக்கிறதுதான் பொய். அவன் லெப்டினன்ட் இல்ல. மெடலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆசைப்பட்டுப் பொய் அடிச்சது நான். எங்க கையெழுத்துப் போடணும்?”

வரிசையில் நின்ற பையன்கள், பக்கத்து மேசைக் குமாஸ்தாக்கள், தண்ணீர் கொண்டுவந்த பியூன் என்று எல்லோருக்கும் கேட்டிருந்தது. அவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு எங்கள் கடைத் துணி போகும். அப்பா கடைச் சீட்டில் விலை எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்தது. அந்த மனிதரிடம் எத்தனை கோபம் வைத்திருந்தேன். அந்தக் கையைப் பார்த்தால் யாரால் தாங்க முடியும்? அண்ணன் எழுந்து நின்றான். நன்றி என்று அவன் சொல்லவில்லை. அப்பாவும் எதிர்பார்க்கவில்லை.

ரகுபதி பெயரைப் பதிந்துகொண்டு ரசீதைக் கொடுத்தார். இனிமேல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மூவரும் குளத்தங்கரைப் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மாலைக் கூட்டம், பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், ஆட்டோக்களின் இரைச்சல். அண்ணனுடைய இடது பக்கத்தில் அன்று நான் நிற்கவில்லை, அப்பா நின்றார். தெருவைப் பார்த்துக்கொண்டே, “தப்பு என்னுதுதாம்லே” என்றார். அண்ணன் திரும்பவில்லை. அவனுக்குக் கேட்கவில்லை. திருப்பிச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். அப்பா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கையை அசைத்தார். அப்புறம் அண்ணனைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றார்.

“பரீட்சையில ஒரு மார்க் குறைஞ்சாலும் நேரா கல்லாவுக்கு வந்துரணும். தெரியுதா?”

“வரமாட்டேன்” என்றான் அண்ணன்.

வரவும் இல்லை.